வளைய நெருக்கத்துக்கு விலை கொடுக்காதீர்கள்

கேள்வி: மாடி அறைக்குக் கூரை போடப் பைன் கட்டைகள் வாங்கப்போகிறேன். தரகர் மாதிரியாக மூன்று துண்டுகள் கொடுத்திருக்கிறார். ஒன்றில் வளையங்கள் நூல் நூலாக நெருங்கியிருக்கின்றன. பனிமலைக் காட்டில் மெதுவாக வளர்ந்த மரம், இரும்புக்குச் சமம் என்று கூடுதல் விலை சொல்கிறார். இரண்டாவதில் வளையங்கள் விரல் அகலத்துக்கு இருக்கின்றன. தோட்டத்து மரம், மட்டம் என்கிறார். மூன்றாவது நல்ல கனம், ஒரு பக்கம் மட்டும் கருஞ்சிவப்பு. வைரம் பாய்ந்த கட்டை, உத்தரத்துக்கு இதையே போடுங்கள் என்கிறார். வளையத்தைப் பார்த்து வலுவைச் சொல்ல முடியுமா?

பதில்: மூன்றாவது துண்டை முதலில் தூர வையுங்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் தரகர் முதல் துண்டைப் பற்றிச் சொன்னது பாதி உண்மை, இரண்டாவதைப் பற்றிச் சொன்னது முக்கால் உண்மை, மூன்றாவதைப் பற்றிச் சொன்னது முழுப் பொய். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம்.

கட்டையின் முனையை, அதாவது குறுக்கே அறுத்த முகத்தை, இழைப்புளியால் ஒரு முறை சீவிவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பூதக்கண்ணாடி தேவையில்லை. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இரண்டு வரிகள் தெரியும். உட்பக்கம் வெளிறிய வரி, வெளிப்பக்கம் கருத்த வரி. வளர்பருவம் தொடங்கும்போது மரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் அவசரம். அகலமான குழாய்களை மெல்லிய சுவரோடு கட்டிக்கொள்கிறது. அதுதான் வெளிர் வரி. பருவம் முடிய முடிய அவசரம் தணிகிறது, குழாய் ஒடுங்குகிறது, சுவர் தடிக்கிறது. அது கரு வரி. பிறகு வேலை நின்றுவிடும். பைன், ஸ்புரூஸ், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்களின் கட்டையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்தக் குழாய்கள்தாம். தண்ணீர் ஏற்றுவதும் அவையே, பாரம் தாங்குவதும் அவையே. ஆகவே கூரையைத் தாங்கப்போவது வளையத்தின் எண்ணிக்கையல்ல, அந்தக் கரு வரி.

இதைப் பிடித்துக்கொண்டால் தரகரின் பாதி உண்மை எங்கே இருக்கிறதென்று புரியும். வெளிச்சமும் நீரும் தாராளமாகக் கிடைத்த மரத்தில் பெரும்பாலும் வெளிர் வரிதான் அகலும். கரு வரி அந்த அளவுக்குக் கூடாது. அதனால் அகன்ற வளையமுள்ள பைன் பொதுவாகச் சற்று இலேசாக இருக்கும். சரி. ஆனால் வளையம் நெருங்குவதற்கு ஒரே காரணமா இருக்கிறது? வடகோடிக் காடுகளில் கோடை குறுகியது. கரு வரி தடிப்பதற்குள் குளிர் வந்து வேலையை நிறுத்திவிடும். அடர்ந்த காட்டில் பெரிய மரங்களின் நிழலில் அகப்பட்டுக்கொண்ட மரமும் நூல் நூலாகத்தான் வளரும். ஆல்ப்ஸ் மலையில் லார்ச் மரங்களின் ஊசிகளை 8 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒருவகை அந்துப்பூச்சியின் புழு தின்று தீர்க்கிறது. அந்த ஆண்டு வளையம் ஒடுங்கிப்போவதோடு கரு வரியும் மெலிந்து வெளுத்துவிடும். கிழட்டு மரத்தின் வெளிப்புற வளையங்களும் அப்படியே. வறண்ட சரிவில் நின்றாலும் பருவக் கடைசியில் நல்ல ஈரம் கிடைத்த மரத்தில் மட்டும் வளையம் ஒடுங்கியும் கரு வரி திடமாக இருக்கும். எல்லாமே பார்வைக்கு நெருக்கம். கையில் தூக்கினால்தான் சாயம் வெளுக்கும். பட்டினி கிடந்தவனும் பயில்வானும் ஒரே இடுப்பளவில் இருக்கலாம்.

அளவு ஏதாவது வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தென்பகுதிப் பைன் மரங்களுக்கு அடர்கட்டை என்ற தரம் ஒன்று உண்டு. ஓர் அங்குலத்தில் குறைந்தது 6 வளையங்கள், அதில் மூன்றில் ஒரு பங்காவது கரு வரி. அல்லது 4 வளையங்கள், ஆனால் பாதி கரு வரி. இரண்டாவது பாதியை மறுபடி படியுங்கள். கரு வரி போதுமான அளவு இருந்தால் வளையம் அகன்றிருப்பதை விதியே மன்னிக்கிறது. தரகர்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். (ஓக், ஆஷ் மரங்களில் கணக்கே தலைகீழ், அங்கே அகன்ற வளையம்தான் வலு. உங்கள் தச்சர் அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவந்தால் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.)

இன்னொரு பழைய தந்திரம், பலகையின் அகன்ற முகத்தைக் காட்டி, வரிகள் எவ்வளவு நெருக்கம் பாருங்கள் என்பது. முகத்தில் தெரியும் இடைவெளி, மரத்தை எந்தக் கோணத்தில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே மரத்தில் ஒரு பலகையில் நேர்க்கோடுகளாக நெருங்கித் தெரியும், அடுத்ததில் கோபுரம் கோபுரமாக அகன்று தெரியும். முகத்தைப் பார்த்து வளையம் பேசுகிறவரிடம் வியாபாரம் வேண்டாம். இருநூறு வயது மரம் என்று பலகையில் எண்ணிக் காட்டுகிறவரிடமும் வேண்டாம். பருவத்தின் நடுவில் மழை பொய்த்துப் பிறகு பெய்தால் மரம் ஒரே ஆண்டில் இரண்டு கரு வரி போட்டுவிடும். கடும் வறட்சியில் ஓராண்டு வளையமே இல்லாமலும் போகும். மரவளையங்களைக் கொண்டு காலம் கணிக்கும் துறையைத் தொடங்கிய வானியலாளர் ஏ. இ. டக்ளஸ் வெறுமனே எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பல மரங்களின் அகல, ஒடுக்க வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். 1929இல் அரிசோனாவில் கிடைத்த கருகிய உத்தரத்துண்டு ஒன்றுதான் அவருடைய வரிசையில் இருந்த இடைவெளியை அடைத்தது. அந்தப் பாடு படாமல் பென்சில் முனையால் வயது சொல்கிறார்கள் நம் ஆட்கள்.

இரண்டாவது துண்டுக்கு வருகிறேன். தோட்டத்து மரம் மட்டம் என்பது முக்கால் உண்மை. குற்றம் வளைய அகலத்தில் இல்லை, மையத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. எந்த ஊசியிலை மரத்திலும் மையத்தை ஒட்டிய முதல் 10 முதல் 20 வளையங்கள் இளங்கட்டை. விறைப்புக் குறைவு, காயும்போது முறுக்கிக்கொள்ளும். நியூசிலாந்தின் ரேடியாட்டா பைன் தோட்டங்களில் மரத்தை ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட மரத்தில் கணிசமான பங்கு இளங்கட்டையாகத்தானே இருக்கும்? உங்கள் துண்டின் முனையில் மையப்புள்ளி தெரிந்தாலோ, வளையங்கள் சின்னக் கிண்ணம்போல் குறுகி வளைந்திருந்தாலோ அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கைமரத்துக்கு வேண்டாம். வளைவு தட்டையாக இருந்து கரு வரியும் திடமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். கணுக்களை மட்டும் பாருங்கள். இடைவெளி விட்டு நட்ட மரத்தில் வளையமும் அகலும், கீழ்க்கிளைகளும் பருக்கும், பலகையில் பெரிய கணுவாக வந்து நிற்கும். கட்டை முறிவது பெரும்பாலும் கணுவிடத்தில்தான். வளையத்தைப் பற்றி இவ்வளவு பேசும் தரகர் கணுவைப் பற்றி வாய் திறக்காததைக் கவனித்தீர்களா?

இப்போது அந்தக் கருஞ்சிவப்புத் துண்டு. வைரம் என்பது மரத்தின் நடுவில், சுற்றிலும் ஏறக்குறைய ஒரே சீராக நிறம் ஏறியிருக்கும் பகுதி. அது கட்டையைப் பூச்சியிலிருந்தும் உளுப்பிலிருந்தும் ஓரளவு காக்கும், வலுவைக் கூட்டாது. உங்கள் துண்டில் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் சிவந்து, அந்தப் பக்கத்து வளையங்கள் மட்டும் பருத்திருக்கின்றன என்றால் அது வைரமே அல்ல, சாய்மரக் கட்டை. சரிவில் நின்றோ, காற்றோ பனிப்பாரமோ தள்ளியோ சாய்ந்த ஊசியிலை மரம், தன்னை நிமிர்த்திக்கொள்ளச் சாய்ந்த பக்கத்தின் அடியில் முட்டுக் கொடுப்பதுபோல் கூடுதலாகக் கட்டை போடுகிறது. அந்தப் பக்கம் வளையம் அகலும், மரத்தின் மையம் ஒதுங்கிப்போகும். நிற்கிற மரத்துக்கு அது பலம். அறுத்த கட்டைக்கு அதுவே வினை.

செல் சுவருக்குள் கயிற்றுப் பிரிபோல் நுண்ணிழைகள் ஓடுகின்றன. சாதாரணக் கட்டையில் அவை ஏறக்குறைய நெடுக்குவாட்டில் ஓடும். சாய்மரக் கட்டையில் திருகாணி மரைபோல் சரிந்து சுற்றும். அதனால் காயும்போது நீளவாட்டில் சுருங்குகிறது. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை சாதாரணக் கட்டை நீளத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் குறையும். 3 மீட்டர் கட்டையில் 3 முதல் 6 மில்லிமீட்டர். சாய்மரக் கட்டையில் 1 முதல் 2 சதவீதம் சர்வசாதாரணம், அதாவது 30 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். ஒரே கட்டையில் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காவிட்டால் என்ன ஆகும்? வில்லாக வளையும். ஒரு வீட்டில் குடிபுகுந்த முதல் கோடையில் உத்தரம் வளைந்து ஓடுகள் வாய் பிளந்ததைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஏணி போட்டு உத்தரத்தின் முனையைப் பார்த்தால் அதே சிவந்த பிறை. அவரிடமும் வைரம் என்றுதான் விற்றிருந்தார்கள்.

கனத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். கனம் உண்டு, ஆனால் அந்தக் கனத்துக்கேற்ற வலு இல்லை. முறியும்போது சிலாம்பு சிலாம்பாகப் பிளக்காமல் கேரட்போல் சட்டென்று அறுபடும். அதற்கு முன் நெரிகிற சத்தத்தைக்கூட எதிர்பார்க்க முடியாது. சோதிப்பது எளிது. முனையிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சில்லை ரம்பத்தால் அறுத்து விளக்குக்கு எதிரே பிடியுங்கள். நல்ல கட்டை தேன் நிறத்தில் ஒளியை விடும். சாய்மரக் கட்டை மங்கி இருண்டு நிற்கும். ஒரே சில்லில் இரண்டும் அடுத்தடுத்துத் தெரிந்துவிட்டால் பிறகு யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டீர்கள். மலைச்சரிவுக் காட்டு மரம் என்று பெருமை பேசுகிறாரே, சாய்ந்து நிற்கும் மரங்கள் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

தர முத்திரை இருக்கிறதே என்பீர்கள். விதிப்படி ஒவ்வொரு கட்டையையும் திருப்பிப் பார்த்துத்தான் முத்திரை குத்த வேண்டும். கட்டின் மேல்வரிசையைத் தடவிப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் குத்துவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கேட்டால் ஆள் இல்லை, நேரம் இல்லை என்பார்கள். கட்டையை வளைத்து விறைப்பை அளக்கும் இயந்திரங்கள் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனாலும் கண்மதிப்பையே கட்டிக்கொண்டு அழுகிறோம். எஃப்.எஸ்.சி. சான்றிதழை நீட்டினால் வாங்கிப் பாருங்கள், தவறில்லை. அது காட்டை முறையாகப் பராமரிக்கிறார்களா என்பதற்கான சான்று. உங்கள் உத்தரம் தாங்குமா என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.

முதல் துண்டில் கரு வரி மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் கூடுதல் விலையை மறுத்துவிடுங்கள். எதை வாங்கினாலும் பணம் கொடுக்குமுன் கட்டுகளைப் பிரித்து ஒவ்வொரு கட்டையின் இரு முனைகளையும் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். முனைகளில் பெயின்ட் பூசியிருந்தால் அரை அங்குலம் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். காயும்போது வெடிக்காமல் இருக்கத்தான் பெயின்ட் பூசினோம் என்பார். அது உண்மைதான். இருந்தாலும் அறுக்கச் சொல்லுங்கள்.