நாற்பத்தைந்து நாள் காரும் பத்தாண்டு காரும்: கேள்வி பதில்

பட்டறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கை கறுத்தவன் என்ற ஒரே தகுதியில், பழைய ஸ்போர்ட்ஸ் காரா புதிய சூப்பர் காரா என்று வரும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத அமர்ந்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 1972ஆம் ஆண்டு டாட்சன் 240இசட். நண்பர் ஒருவரின் லம்போர்கினி ஹுராக்கானையும், அவர் வெளியூரில் இருக்கும் நாள்களில், நான்தான் ஓட்டிப் பராமரிக்கிறேன். ஆகவே இரு பக்கமும் ஓரளவு தெரியும். ஒரு பக்கம் சாய்வும் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

கேள்வி (யீஷூன்): ஐயா, பழைய ஸ்போர்ட்ஸ் கார் மலிவு, புதிய சூப்பர் கார் செலவு என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. ஆனால் நம் சிங்கப்பூரில் காரின் விலையும் அதற்காக நாம் கொடுக்கும் பணமும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சந்தை மதிப்பு, அதாவது வரிகளுக்கு முந்திய இறக்குமதி விலை, 300,000 வெள்ளியாக உள்ள ஒரு சூப்பர் காரை எடுத்துக்கொள்வோம். 2023 பிப்ரவரியில் வந்த அடுக்குமுறைப்படி, கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்தடுத்த மூன்று இருபதாயிரங்களுக்கு முறையே 140, 190, 250 விழுக்காடு, 80,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகைக்கு 320 விழுக்காடு. கூட்டிப் பார்த்தால் முதல் 80,000 வெள்ளிக்கு 136,000 வெள்ளியும், மிச்சமுள்ள 220,000 வெள்ளிக்கு 704,000 வெள்ளியுமாக 840,000 வெள்ளி வரும். 20 விழுக்காட்டுக் கலால் வரி 60,000 வெள்ளி. அதற்கும் மேல் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி 32,400 வெள்ளி. காரைப் பத்தாண்டு வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ-யையும் விற்பவரின் இலாபத்தையும் சேர்க்காமலேயே 1,232,400 வெள்ளி ஆகிவிட்டது. சிஓஇ சாதாரணமான தொகை அன்று: 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்குரிய 'பி' பிரிவில் அது 150,001 வெள்ளியைத் தொட்டது.

முன்பெல்லாம் பத்தாண்டு முடிவதற்குள் காரின் பதிவை நீக்கினால் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதியாவது கழிவாகத் திரும்பும் என்று பணக்காரர்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். மேலே சொன்ன காருக்கு அது 420,000 வெள்ளி. அதே 2023 பிப்ரவரியில் அந்தக் கழிவுக்கு 60,000 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்தார்கள், தேறுதலும் போயிற்று. இந்த விதிகள் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஏற்ப மாறக்கூடியவை என்பதால், வாங்கும் நாளில் நிலவும் விதியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய காரின் செலவு வேறு வகை. ஆறு மாதம் ஒன்றும் கேட்காமல் நிற்கும். ஏழாம் மாதம், ஜப்பானிலிருந்து வரவேண்டிய ஒரு ரப்பர் வளையத்துக்காக உங்களை ஆறு வாரம் காக்க வைக்கும். பணத்தைவிடப் பொறுமையைத்தான் அது அதிகம் உறிஞ்சும். சூப்பர் காரில், சாவி கைக்கு வந்த நாளிலிருந்தே பத்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. காரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அது நிற்காது.

கேள்வி (தெம்பனிஸ்): பழங்கார் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும் என்கிறார்களே, அதற்கு எதற்கு ஒரு கார்?

பதில்: இந்தக் கேள்வியை என் மனைவி 2009இலேயே கேட்டுவிட்டார். அப்போது நாள்கள் இன்னும் குறைவு.

அந்தத் திட்டத்தில் சேர வாகனத்துக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 45 நாள் சாலையில் ஓட்டலாம். அன்றாடம் வேலைக்குப் போய்வர ஆகாது. பயன்படுத்திய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து சாதாரண முறையில் பதிவு செய்ய வேண்டுமானால் அது மூன்று வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இறக்குமதி செய்ய நினைப்பவருக்குப் பெரும்பாலும் இந்தத் திட்டமே வழி. இன்னொரு வழி, இங்கேயே புதிதாகப் பதிவாகி, பத்தாண்டுக்கு ஒருமுறை சிஓஇ புதுப்பிக்கப்பட்டு இன்றுவரை உயிரோடு இருக்கும் கார். 1980களின் போர்ஷ 911 போன்ற சில கார்கள் அப்படித் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றைத் தினமும் ஓட்டலாம். ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்த காரை வாங்கிவிடாதீர்கள். அந்தத் தவணை முடிந்ததும் மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்து வயதைத் தாண்டிய சாதாரணப் பதிவுக் காருக்குச் சாலைவரியில் ஆண்டுக்கு 10 விழுக்காடு கூடி, 50 விழுக்காட்டில் போய் நிற்கும் என்பதையும், ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அந்த 35 வயது என்பது ஆண்டுதோறும் நகரும் கோடு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1989இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இப்போது கோட்டைத் தாண்டிவிட்டது. 1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸும் அப்படியே. உடல் முழுவதும் அலுமினியம் என்பதால் அது நம் ஈரக் காற்றுக்கும் அஞ்சாது. என்னிடம் இன்று பணம் இருந்தால் அதைத்தான் தேடுவேன்.

45 நாள் போதுமா என்று கேட்டால், சென்ற ஆண்டு நான் ஓட்டியது 31 நாள்தான்.

கேள்வி (பொங்கோல்): அங்கிள், நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். ஓட்டும்போது எது அதிக மகிழ்ச்சி தரும்? நேர்மையாகச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்ல அனுமதி கொடு.

ஹுராக்கானில் 5.2 லிட்டர், பத்து சிலிண்டர், 610 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.2 வினாடியில் எட்டும். நம் விரைவுச்சாலைகளில் உச்சவரம்பு 90 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் நுழையும் சரிவில் மிதியை முழுதாக அழுத்தினால், இரண்டாவது கியர் முடிவதற்குள் சட்டத்தை மீறியிருப்பாய். மீதமுள்ள ஐந்து கியர்களும் அலங்காரத்துக்குத்தான். அந்த மூன்று வினாடியின் ஓசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவில்காரர் கடைசிச் சுற்றுக்கு வரும்போது மண்டபம் அதிர்வதைப் போல முதுகெலும்பில் இறங்கும். ஆனால் அதன்பிறகு வீடு வரை அது ஓர் அகலமான, தாழ்வான, மிக நன்றாகக் குளிரூட்டப்பட்ட கார். அவ்வளவுதான்.

டாட்சனில் 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர், 151 குதிரைத்திறன். எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை. மூன்றாவது கியரில் 60இலிருந்து 90க்குப் போவதற்குள் உனக்கு வேலை நிறைய இருக்கும்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், கியரை இறக்கும்போது குதிகாலால் முடுக்கியைத் தட்டி எஞ்சினின் சுழற்சியைக் கூட்ட வேண்டும், சாலையின் ஒவ்வொரு தழும்பையும் ஸ்டீயரிங்கின் வழியாகக் கை உணரும். சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே அந்தக் கார் தன் திறமையில் பெரும்பகுதியைக் காட்டிவிடும். இந்தத் தீவில் ஒரு காரை மதிப்பிட நான் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான்: அது எந்த வேகத்தில் உயிர்பெறுகிறது? டாட்சனுக்கு விடை 60. ஹுராக்கானுக்கு விடை சிங்கப்பூரில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஓல்ட் அப்பர் தோம்சன் சாலைக்கு ஒருமுறை போய்ப் பார். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரின் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் அந்தச் சாலையில்தான் நடந்தது. இன்று அது ஒருவழிப் பாதை. இருபுறமும் காடு, குறுக்கே குரங்குகள். அங்கே 40இல் போனாலே பழைய காரில் ஓட்டுகிறோம் என்ற உணர்வு வரும். நண்பரின் காரில் அதே வேகத்தில் போனபோது, அது பத்து சிலிண்டரில் ஐந்தை அணைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் வந்தது.

கேள்வி (புக்கிட் தீமா): நம் வெயிலில் பழைய கார் நடுச்சாலையில் நின்றுவிடாதா?

பதில்: நிற்கும். என் கார் நின்றிருக்கிறது. ஏப்ரல் மாதம், பிற்பகல் மூன்று மணி, தீவு விரைவுச்சாலையில் தோ பாயோ அருகே நெரிசல். 240இசட்டில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர்கள் இரண்டும் புகை வெளியேறும் குழாய்களுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். கார் நகர்ந்துகொண்டிருக்கும்வரை காற்று காப்பாற்றும். நின்றதும் அந்தச் சூடு மேலே ஏறி, பெட்ரோல் குழாயிலும் கார்புரேட்டரின் கிண்ணத்திலும் உள்ள பெட்ரோலை ஆவியாக்கிவிடும். ஆவியைப் பம்பு இழுக்காது. எஞ்சின் இரண்டு முறை இருமி அணைந்தது. ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் இலவசமாக இறக்கிவிட்டுப் போயிற்று. மூடியைத் திறந்து வைத்து ஒரு தே ஓ கோசோங் குடித்து முடிப்பதற்குள் கார் தானாகவே கிளம்பிவிட்டது என்பது வேறு கதை.

அதன்பிறகு கார்புரேட்டருக்கும் புகைக் குழாய்க்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு வைத்தேன், பெட்ரோல் குழாய்க்கு உறை சுற்றினேன், ரேடியேட்டரின் உள்ளடுக்கை மாற்றி மின்விசிறி பொருத்தினேன். இப்போது நெரிசலையும் தாங்குகிறது. புதிய காரில் இந்தக் கவலையே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அதற்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): பழைய கார் வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். எஞ்சினைப் பிரித்துக் கட்டிவிடலாம். துருவேறிய உடலைக் கட்டுவதுதான் குடும்பத்தைக் கெடுக்கும். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புத் தகடு, தரைத் தகடு, மின்கலத் தட்டு, பின்சக்கர வளைவு ஆகிய நான்கிலும் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள். எங்கே பிடி விடுகிறதோ அங்கே இரும்பு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. இந்தப் பாடத்தை நான் கட்டணம் செலுத்திக் கற்றேன். என் முதல் பழைய கார் கண்ணாடிபோல் பளபளத்தது. வாங்கிய மூன்றாம் மாதம், கதவோரம் எழும்பியிருந்த சிறு கொப்புளம் ஒன்றைத் திருப்புளியால் குத்தினேன், கருவி கைப்பிடிவரை உள்ளே போயிற்று. உள்ளே பட்டிக்கு அடியில் செய்தித்தாள் சுருட்டி அடைத்திருந்தது. விற்றவர் அதற்குள் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டார்.

கேள்வி (செங்காங்): பழைய எஞ்சினுக்கு இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

பதில்: ஈயம் கலந்த பெட்ரோல் 1998இல் இங்கே நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் சில பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இருக்கை தேயாமல் காத்துவந்தது. சிலிண்டர் தலையைக் கழற்றும் வேலை வரும்போது கடினமான இருக்கைகளைப் பொருத்திவிட்டால் போதும்.

கேள்வி (பாசிர் ரிஸ்): அண்ணே, அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் சூப்பர் காரை வைத்துக் காலம் தள்ள முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அக்கம்பக்கத்தாரின் கதவுகளை நம்ப வேண்டியிருக்கும். நிறுத்துமிடக் கட்டத்தின் அகலம் 2.4 மீட்டர், ஹுராக்கானின் உடல் அகலம் 1.92 மீட்டர், அதுவும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல். இருபுறமும் சேர்த்து 48 சென்டிமீட்டர் மிஞ்சும். என் டாட்சனுக்கு 77 சென்டிமீட்டர் மிஞ்சுகிறது. மேலேறும் சரிவில் மூக்கு உரசாமலிருக்க முன்பகுதியை உயர்த்தும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு பொருத்துவது பெரும்பாடு. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் மின்கலம் வடிந்துவிடும், வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நிறுத்துமிடத்தில் சார்ஜரைச் செருக இடமிருக்காது. நண்பர் என்னிடம் சாவி கொடுத்ததே அதனால்தான்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): ஜோகூர் வழியாக நீண்ட பயணம் போகலாமா?

பதில்: சூப்பர் காரின் நியாயமான இடம் அங்கேதான் தொடங்குகிறது. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர், அதற்கும் மேல் வேண்டுமென்றால் 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள செப்பாங் பந்தயத் தடம். வருடத்தில் மூன்று முறை தடத்துக்குப் போவீர்கள் என்றால் சூப்பர் கார் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெரும்பாலான காப்புறுதிகள் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை, முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். எல்லை தாண்டும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், காருக்கான மலேசிய நுழைவு அனுமதியும் 2025 ஜூலை முதல் கட்டாயம். பழங்காரில் போகிறவர்கள் புறப்படும் நாளும் திரும்பும் நாளும் அந்த 45இல் கழியும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி (அங் மோ கியோ): ஐயா, காலஞ்சென்ற என் தந்தை 1973ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார். மூன்று ஆண்டுகளாக ஓடவில்லை. விற்றுவிட்டு, புதிய கார் ஒன்றுக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, விற்பதானாலும் ஓடும் காராக விற்பதே மேல். ஆகவே முதலில் அதை எழுப்புவோம். சாவியைத் திருகிப் பார்க்க வேண்டாம். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு கையால் எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி வெற்றி. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. மூன்றாண்டு பழையதை நம்பாமல் முழுதும் மாற்றுங்கள். இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் மின்கலங்கள் இருக்கும், இரண்டும் செத்திருக்கும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அது தயாரான ஆண்டைச் சொல்லும். பத்தாண்டு ஆகியிருந்தால், அதன் வரிப்பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் தூக்கி எறியுங்கள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும், அதிலுள்ள இரண்டு எஸ்யு கார்புரேட்டர்களையும் ஒத்திசைக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றின் தலையிலுமுள்ள கறுப்பு மூடியைத் திருகி எடுத்து, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தந்தை அதற்கென்று ஒரு சிறிய எண்ணெய்க் குப்பி வைத்திருப்பார், தேடிப் பாருங்கள். பிறகு அரை மீட்டர் ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வையுங்கள். உஸ்ஸென்று ஒரு சீறல் கேட்கும். அடுத்ததிலும் அதே போல் கேளுங்கள். எதில் சீறல் குறைவோ அதன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, இரண்டும் ஒரே குரலில் வரும்வரை மாறி மாறிக் கேளுங்கள். வந்ததும் பூட்டு மரையை இறுக்குங்கள். இறுக்கும்போது சற்று நகர்ந்துவிடும். இன்னொரு முறை கேட்டுவிடுங்கள். விற்பதா வேண்டாமா என்பதை அதற்கு மறுநாள் எனக்கு எழுதுங்கள்.