ரெஸ்யூமேல பழைய டூல்ஸ், ஹாபி எல்லாம் போடலாமா? தூக்கிடலாமா?

கேள்வி: எம்பெடட்ல (மெஷினுக்குள்ள இருக்கற சின்ன சிப்புக்கு புரோகிராம் எழுதற வேலை) 4 வருஷ எக்ஸ்பீரியன்ஸ். ரெஸ்யூமேல விம் (டெக்ஸ்ட் எடிட்டர்), ஆக் (டெக்ஸ்ட் ஃபைல வரி வரியா அலசற டூல்) மாதிரி பழைய டூல்ஸ் பேரும் ஹாம் ரேடியோன்னு (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசறது) ஹாபியும் போட்டிருக்கேன். இதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க, தூக்கிடுன்னு சீனியர் சொல்றார். தூக்கலாமா?

பதில்:

தூக்காதீங்க. அந்த ஹாம் ரேடியோங்கற வார்த்தைய பார்த்ததும் பதில் போடாம போக மனசு வரல.

தம்பியோ தங்கச்சியோ தெரியல, வேற கம்பெனி தேடறீங்க, எல்லாத்தையும் ஒரே பக்கத்துல அடக்கணும், எத வெட்டலாம்னு பார்த்தப்ப கடைசி ரெண்டு வரி கண்ணுல பட்டிருக்கு, அவ்வளவுதான் விஷயம்னு நினைக்கறேன். நானும் அதே இடத்துல நின்னவன். 2007ல ஒரு இன்டர்வியூல என் ரெஸ்யூமேல இருந்த ஹாம் ரேடியோ வரிக்கு அடியில பேனாவால கோடு போட்டு, இதுக்கும் எங்க வேலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டாங்க. அன்னிக்கு என்கிட்ட பதில் இல்ல. நாலு வருஷம் கழிச்சு கிடைச்சுது, அதைத்தான் இங்க சொல்லப் போறேன்.

நான் 1998ல வேலைக்குச் சேர்ந்தப்ப 8051ங்கற சின்ன சிப்ல அசெம்ப்ளி, அதாவது சிப்போட சொந்த பாஷைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற மொழி. புரோகிராம வச்சிருக்கற ஈப்ராம் சிப் முதுகுல சின்னதா ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும், பழைய புரோகிராம அழிக்கணும்னா மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர பிய்ச்சுட்டு அல்ட்ரா வயலட் லைட்டுக்கு அடியில இருபது நிமிஷம் வைக்கணும், அப்புறம் திரும்ப பர்ன் பண்ணணும், அதாவது புது புரோகிராம ஏத்தணும். ஒரு கமா தப்பானாலும் இருபது நிமிஷம் போச்சு. அதனால பர்ன் பண்றதுக்கு முன்னாடி கோட பிரின்ட் எடுத்து வரி வரியா படிச்சுப் பார்ப்போம், எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் விடல. அப்புறம் சி மொழி, கரன்ட்லயே அழிக்கற ஃபிளாஷ் சிப், ஆர்ம் பிராசசர், சிப்புக்குள்ள எட்டிப் பார்த்து தப்பு தேடற ஜேடேக்னு எல்லாரும் வந்த வழிதான். நடுவுல ரெண்டு வருஷம் மேனேஜரா போட்டாங்க, நானே கேட்டு திரும்ப இன்ஜினியராவே வந்துட்டேன்.

ஹாம் ரேடியோ லைசென்ஸ் 2003ல எடுத்தேன். பெரும்பாலும் மோர்ஸ்தான் (புள்ளி, கோடுன்னு தட்டிப் பேசறது), 7 மெகாஹெர்ட்ஸ், 14 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு தடவை பேசினதும் லாக் எழுதணும்: தேதி, நேரம், பேண்ட் (எந்த அலைவரிசை), எதிராளியோட கால் சைன் (லைசென்ஸோட கிடைக்கற அடையாளப் பேர்), சிக்னல் எப்படி இருந்துச்சு. நேரத்த எப்பவும் யூடிசிலதான் (உலகத்துக்கே பொதுவான நேரம்) எழுதுவோம், ஏன்னா எதிராளி உலகத்துல எந்த மூலைல வேணா இருப்பார், ரெண்டு பேர் லாகும் ஒத்துப் போகணும். நான் அதை சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா விம்ல எழுதி, எந்த மாசம் எந்த பேண்ட் எத்தனை மணிக்கு நல்லா கேக்குதுன்னு ஆக் வச்சு கூட்டிப் பார்ப்பேன். ஆக் 1977ல பெல் லேப்ஸ்ல ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூணு பேரும் எழுதினது, அவங்க பேரோட முதல் எழுத்துதான் அந்தப் பேரே. வரிசை வரிசையா நம்பர் இருக்கற ஃபைல மேயறதுக்கு எனக்கு இன்னிக்கும் அதுதான் கைக்கு வரும்.

2011ல நடந்தது இது. நாங்க செஞ்ச பம்ப் கன்ட்ரோலர் மூணு சைட்ல ஓடிட்டு இருந்துச்சு. திடீர்னு "சென்சார் பதில் இல்லை"ன்னு அலாரம் வந்து பம்ப் நின்னுடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும். எல்லாரும் கேபிள சந்தேகப்பட்டாங்க, மெசேஜ் அப்படித்தானே சொல்லுது? கேபிள் மாத்தினோம், எர்த்திங் மாத்தினோம், பவர் சப்ளை மாத்தினோம், வயர்ல வர்ற இரைச்சல தடுக்கற ஃபெரைட் மாட்டினோம், ஆறு மாசம் ஓடிப் போச்சு. லேப்ல வச்சு மூணு நாலு நாள் ஓட்டினா ஒண்ணும் ஆகாது.

கடைசியில சைட்ல ஆப்பரேட்டருங்க கைல எழுதற ரெஜிஸ்டர் புக்க பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். என்னத்துக்குன்னு கேட்டாங்க, அனுப்புங்க பார்ப்போம்னேன். ஒரு ராத்திரி உக்காந்து அத்தனையும் டெக்ஸ்ட் ஃபைல்ல அடிச்சேன். அதுவரைக்கும் எல்லாரும் ஒரு தடவை நின்னதுல இருந்து அடுத்த தடவை நின்னது வரைக்கும் எத்தனை நாள்னு பார்த்துட்டு ஒழுங்கே இல்லன்னு விட்டுட்டாங்க. ஆனா நடுவுல மெயின்டனன்ஸ்னு பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் அந்த புக்லயே இருக்கு. நான் கடைசியா பவர் ஆன் ஆனதுல இருந்து கணக்குப் போட்டேன். ஏழு தடவை நின்னிருக்கு, அதுல ஆறு 49 நாள் 17 மணி நேரம், அஞ்சு பத்து நிமிஷம் முன்ன பின்ன. ஒண்ணு மட்டும் 49 நாள் 18 மணி நேரம். பார்த்தியா ஒத்து வரல, தற்செயல்னு டீம்ல சொல்லிட்டாங்க. ஆனா அந்த ஒரு சைட் கோடை காலத்துல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கற ஊரு. யூடிசிக்கு மாத்திப் போட்டேன், ஏழும் ஒண்ணு போல வந்துடுச்சு. லாக் எழுதற பழக்கம் இல்லன்னா எனக்கு அது தோணியே இருக்காது.

49 நாள் 17 மணி 2 நிமிஷம் 47 செகண்ட். 32 பிட் கவுன்டர்ல (32 இலக்க பைனரி நம்பர் வரைக்கும்தான் எண்ணும்) மில்லிசெகண்ட எண்ணினா 4294967296 வந்ததும் திரும்ப பூஜ்யத்துக்கு வர்றதுக்கு ஆகற நேரம் அது. கோடத் தேடிப் பார்த்தா, "இப்போ > கடைசி பதில் + 3000"ன்னு எழுதியிருக்கு. மூணு செகண்டா சென்சார் பேசலன்னா நிறுத்துன்னு அர்த்தம். கவுன்டர் உச்சிக்குப் போக மூணு செகண்ட் இருக்கறப்ப அந்தக் கூட்டல் 32 பிட்டுக்குள்ள அடங்காம வழிஞ்சு சின்ன நம்பரா ஆயிடும், "இப்போ" பெரிய நம்பரா நிக்கும், உடனே அலாரம். சென்சார் பாவம் ஒழுங்கா பேசிட்டுதான் இருந்திருக்கு. "இப்போ - கடைசி பதில் > 3000"ன்னு கழித்தலா மாத்தினா போதும், அன்சைன்டு (மைனஸே இல்லாத நம்பர்) கழித்தல்ல வழிஞ்சாலும் வித்தியாசம் சரியா வந்துடும். ஒரே ஒரு வரி. டெஸ்ட் பண்ண 49 நாள் காத்திருக்க வேணாம், கவுன்டர உச்சிக்கு ஒரு நிமிஷம் முன்னாடி இருந்து ஸ்டார்ட் பண்ணிட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். லினக்ஸோட மையமான கெர்னல்லயே பூட் ஆகி அஞ்சாவது நிமிஷம் ஜிஃபீஸ்ங்கற நேரம் எண்ணற கவுன்டர் திரும்ப பூஜ்யத்துக்கு சுத்தற மாதிரி வேணும்னே வச்சிருக்காங்க, இந்த மாதிரி தப்பு சீக்கிரம் வெளிய வரட்டும்னுதான்.

64 பிட் கவுன்டர் வச்சிருந்தா வந்திருக்காதேன்னு யாராவது கமெண்ட் போடுவீங்க. 32 பிட் சிப்ல அதை ரெண்டு தடவையா படிக்கணும், நடுவுல இன்டரப்ட் (சிப் கைல இருக்கற வேலைய நிறுத்திட்டு அவசர வேலைக்குப் போறது) வந்தா பாதி பழசு பாதி புதுசுன்னு வரும், அதையும் பார்த்துத்தான் எழுதணும். இதெல்லாம் கத்துக்குட்டிங்க பண்ற தப்புன்னும் சொல்லிடாதீங்க. விண்டோஸ் 95ல இதே 49.7 நாள் பிரச்சனை இருந்துச்சு. போயிங் 787ல 248 நாள் தொடர்ந்து பவர்ல இருந்தா ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட் முடங்கிடும்னு 2015ல அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ உத்தரவே போட்டுச்சு. புது டூல்ஸுக்கு நான் எதிரியும் இல்ல, பகல்ல முழுக்க விஎஸ் கோட் எடிட்டர்லதான் இருக்கேன். எல்லாரும் மோர்ஸ் படிக்கணும்னும் சொல்லல.

கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன், மனசு ஆறல. அந்த ஒரு வரிய கமிட் பண்ணப்ப, அதாவது மாத்தின கோட பதிவு பண்ணப்ப, கூட எழுதற மெசேஜ்ல ஏழு தடவையோட டேபிள், அந்த ஒரு மணி நேர விஷயம், ஏன் கழித்தல், எல்லாம் விலாவாரியா எழுதியிருந்தேன். அப்புறம் சப்வெர்ஷன்ல இருந்து கிட்டுக்கு (ரெண்டும் கோட்ல யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு சேர்த்து வைக்கற டூல்) மாறினப்ப நேரம் இல்லன்னு சொல்லி கடைசி நிலைய மட்டும் காப்பி பண்ணி "முதல் கமிட்"னு ஒரே கமிட்டா போட்டுட்டாங்க. கிட்லயே சப்வெர்ஷன் ஹிஸ்டரிய அப்படியே கொண்டு வர வசதி இருக்கு, நான் ரெண்டு தடவை மெயில் போட்டேன், யாரும் கேக்கல. பழைய சர்வரையும் நிறுத்திட்டாங்க. பத்து வருஷம் எத்தனையோ பேர் ஏன் எதுக்குன்னு எழுதி வச்சது அத்தனையும் போச்சு. போன வருஷம் புதுசா வந்த பொண்ணு ஒண்ணு வேற மாட்யூல்ல அதே கூட்டல எழுதியிருந்துச்சு. அது மேல தப்பே இல்ல, படிச்சுத் தெரிஞ்சுக்க அங்க ஒண்ணும் இல்லயே. ரிவ்யூல என் கண்ணுல பட்டதால நின்னுச்சு.

சரி, உங்க ரெஸ்யூமேக்கு வர்றேன். வெறுமனே "விம், ஆக், ஹாம் ரேடியோ"ன்னு போடறதுக்குப் பதிலா அத வச்சு என்ன பண்ணீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. நான் இப்ப இன்டர்வியூ எடுக்கற பக்கம் உக்காந்திருக்கேன், ரெஸ்யூமே கைக்கு வந்தா அந்தக் கடைசி வரிலதான் ஆரம்பிப்பேன். எந்த பேண்ட்ல இருக்கீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க, சாயங்காலம் 14 மெகாஹெர்ட்ஸ்ல நான் இருப்பேன்.