போனவர்கள் அனுப்பும் பணம்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

தோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என்னிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் நேபாளிகள். அதில் தனுஷா மாவட்டத்துப் பையன் ஒருவன், ஒன்றரை லட்சம் நேபாள ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்தவன். இப்போது தன் தம்பிக்கும் விசாவுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்கிறான். அறை நண்பரிடம் இதைச் சொன்னபோது, "வயசுப் பிள்ளைகள் எல்லாம் இப்படிக் கிளம்பி வந்துவிட்டால் அந்த நாடு எப்படி உருப்படும்? நீங்களும் துணை போகாதீர்கள்" என்றார். இவர்கள் பணம் அனுப்பாவிட்டால் அங்கே அடுப்பு எரியாது என்றேன் நான். பேச்சு முடியவில்லை. ஏழை நாட்டிலிருந்து ஆட்கள் வெளியேறுவது அந்த நாட்டுக்கு நல்லதா, கெட்டதா? தம்பிக்கு நான் உதவலாமா?

எஸ்., தோஹா

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1995-96இல் நேபாளத்தில் 100க்கு 42 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2010-11இல் அது 25 ஆனது. இடையில் பத்து வருடம் உள்நாட்டுப் போர். மன்னராட்சி போனது, அரசுகள் வந்து வந்து கவிழ்ந்தன. அப்படியும் வறுமை குறைந்ததென்றால், மலேசியாவிலும் வளைகுடாவிலும் உழைத்தவர்கள் அனுப்பிய பணம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்று அந்தத் தொகை நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்குக்கும் மேல். 2015 பூகம்பத்தில் இடிந்த எத்தனையோ வீடுகள் நிவாரணத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து நின்றது இந்தப் பணத்தில்தான். இதைக் குறைத்துப் பேச நம் யாருக்கும் உரிமை கிடையாது.

ஜனக்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மகனைக் கத்தாருக்கு அனுப்பிய ஒரு வீட்டில் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். கீழ்த்தளம் கட்டி முடித்து நீல வண்ணம் அடித்திருந்தார்கள். மாடிக்கான கம்பிகள் மட்டும் துருவேறி மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அடுத்த இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தால் மாடி எழும்பும் என்றார் அப்பா. உள்ளே டி.வி., சமையல் காஸ், வாசலில் மோட்டார் பைக். பேத்தி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறாள். அவர் இன்னமும் காலையில் மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறார். நடவுக்கு ஆள் கிடைக்காததால் நிலத்தில் பாதியைத் தரிசாகப் போட்டிருந்தார்.

அந்த வீட்டில் இருந்த பொருள்களை யோசித்துப் பாருங்கள். டி.வி., பைக், காஸ், எண்ணெய், மொபைல் என்று ஏறக்குறைய எல்லாமே எல்லை தாண்டி வந்தவை. இந்திய எல்லையில் உள்ள பீர்கஞ்ச் சோதனைச் சாவடியில் லாரி நுழையும்போதே சுங்க வரி, கலால் வரி, மதிப்புக் கூட்டு வரி மூன்றும் விழுந்துவிடும். நம் ஊரில் விற்கும் அதே பைக் அங்கே எவ்வளவு விலை என்று உங்கள் பையனிடம் கேளுங்கள். நேபாள அரசின் வரி வருவாயில் கணிசமான பங்கு இப்படி எல்லையிலேயே வசூலாகிறது. அதாவது மகன் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பியதில் அரசு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்காக அது ஒரு கால்வாய் வெட்ட வேண்டியதில்லை, ஒரு தொழிற்சாலையைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஏற்றுமதியைப் போலப் பல மடங்கு இறக்குமதி செய்தும் நாடு திவாலாகாமல் ஓடுகிறது. ஓடும்வரை எந்த மந்திரிக்கும் தூக்கம் கெடுவதில்லை.

எனக்குப் பெரிய கவலை இதுதான். பணம் குடும்பங்களைக் காப்பாற்றுகிறது. வேலை கொடுக்க வேண்டிய பொறுப்பிலிருந்து அரசையும் சேர்த்தே காப்பாற்றிவிடுகிறது.

கேள்வி கேட்க வேண்டியவர்களும் ஊரில் இல்லை. 2021 கணக்கெடுப்பின்போது சுமார் 2.9 கோடிப் பேர் கொண்ட அந்த நாட்டில் ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள். இவர்களுக்கு ஓட்டு கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்களும் வாக்களிக்க வழி செய்யுங்கள் என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. 2022 தேர்தல் வந்தது, போனது. நாட்டைத் தாங்குகிறவர்கள் அதில் வாக்களிக்கவில்லை. இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது? 2025 செப்டம்பரில் காத்மாண்டு தெருக்களில் இளைஞர்கள் திரண்டு, 70க்கும் மேற்பட்டோர் செத்து, பிரதமர் ஒலி பதவி விலகியதைப் பார்த்திருப்பீர்கள். சமூக ஊடகத் தடைதான் தீப்பொறி. ஆனால் 'படித்து முடித்தால் அடுத்து விமான நிலையம்தான்' என்ற வெறுப்பு அதற்கு வெகு முன்பே சேர்ந்துகிடந்தது.

அப்புறம், எந்தக் கணக்கிலும் சரியாக ஏறாத ஒரு செலவு இருக்கிறது. வெயிலில் தண்ணீர் போதாமல் வேலை பார்த்து, முப்பது வயதில் சிறுநீரகம் கெட்டு ஊர் திரும்புகிறவர்கள். நேபாள அரசு டயாலிசிஸை இலவசமாகக் கொடுக்கிறது, நல்ல காரியம். ஆனால் உடம்பு நன்றாக இருந்த வருடங்களின் உழைப்பு வளைகுடாவுக்குப் போனது. படுத்த பிறகு வரும் செலவு நேபாளத்தின் தலையில். வேலை வாங்கிய முதலாளிகள் அதில் ஒரு பைசா தருவதில்லை. உங்கள் நண்பருக்கு நேபாளத்தின் மீது அக்கறை இருந்தால் இதைப் பற்றித்தான் கோபப்பட வேண்டும்.

அவர் சொல்கிறபடி போகாமல் தடுத்தால்? அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. 2012இல், 30 வயதுக்குக் குறைந்த பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்று நேபாள அரசு தடை போட்டது. பெண்கள் நிற்கவில்லை. எல்லை திறந்துதானே கிடக்கிறது, இந்தியா வழியாகக் காகிதம் இல்லாமல் போனார்கள். அடி வாங்கினாலும் சம்பளம் வராவிட்டாலும் தூதரகத்தில் போய்ச் சொல்ல முடியாத நிலை. தடை அவர்களை ஏஜென்டின் கையில் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

சரி, தம்பி விஷயம். உதவுங்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். தென்கொரியாவுக்கு ஆள் எடுப்பதை இரண்டு அரசுகளும் நேரடியாகச் செய்கின்றன. நடுவில் ஏஜென்ட் இல்லை. மொழித் தேர்வு கடினம், போட்டியும் கடுமை. சம்பளமோ உங்கள் தளத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு. முதலில் அதற்கு ஒரு வருடம் படிக்கச் சொல்லுங்கள். அது முடியவில்லை, கத்தார்தான் என்றால் வட்டிக் கடன் வாங்க விடாதீர்கள். விசாவும் டிக்கெட்டும் முதலாளி செலவு என்று 2015இலேயே நேபாள அரசு விதி போட்டுவிட்டது. ஏஜென்ட் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. நடைமுறையில் எவனும் மதிப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஒன்றரை லட்சத்துக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போகும். கத்தாரின் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியாலில் அது எட்டில் ஒரு பங்குக்கு வரும். நீங்கள் சூப்பர்வைசர். ஆள் எடுப்பவர்களிடம் நேராகப் பேசி ஏஜென்ட் பணம் இல்லாமல் அவனைக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பதற்கான அனுமதியை நேபாள அரசிடம் முறைப்படி வாங்கிக்கொண்டே கிளம்பச் சொல்லுங்கள். அது இல்லாமல் போனவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அரசின் நல நிதியிலிருந்து வீட்டுக்கு ஒன்றும் வராது.

இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது கத்தார் சட்டம். உங்கள் தளத்தில் அது நடக்கிறதா? மற்ற நேரத்தில் எட்டும் தூரத்தில் குடிதண்ணீர் இருக்கிறதா? தம்பிக்கு விசா பார்ப்பதற்கு முன் அண்ணனுக்கு இதைச் செய்து கொடுங்கள்.