நல்லார்பர் வழியாக கேம்பர் வேனில் போகும்போது இரவில் எங்கே தங்குவது?

நல்லார்பர் என்பது ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டிய மரமற்ற சமவெளி. அதைக் கடக்கும் சாலை, கிழக்கே செடூனா ஊரிலிருந்து மேற்கே நார்ஸ்மன் ஊர் வரை ஏறத்தாழ 1,200 கி.மீ. அதை எத்தனை இரவுகளாகப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு போதும், சூன் முதல் செப்டம்பருக்குள் போனால் மூன்றாக்குங்கள். அப்போது ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கரையருகே கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள நல்லார்பர் சாலையோர விடுதியில் முதல் இரவைக் கழிக்கலாம்.

தூரத்தைப் பார்த்து இடம் குறிக்காதீர்கள், சூரியனைப் பார்த்துக் குறியுங்கள். அந்தி சாய்ந்ததும் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும். நான்கு மணிக்கே வண்டியை நிறுத்துபவர்தான் அங்கே விவரமானவர். மேற்கே போகப் போகக் கடிகாரமும் மாறும். மேற்கு ஆஸ்திரேலிய மாநில எல்லையை ஒட்டிய யூக்ளா பகுதியில், அந்த மாநில நேரத்தைவிட 45 நிமிடம் முன்னதாக வைத்திருக்கிறார்கள்!

அடுத்த இரவுக்கு என் தேர்வு யூக்ளா. மணலில் புதைந்துவரும் பழைய தந்தி நிலையத்தை மாலையில் நடந்துபோய்ப் பார்க்கலாம். யூக்ளாவுக்கு முன் வரும் மாநில எல்லைச் சோதனையில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்பதால், முந்தைய இரவே சமைத்துத் தீர்த்துவிடுங்கள்.

கடைசி இரவு கைகுனா. அங்கிருந்து பலடோனியா வரை 182 கி.மீ.; அதில் 146.6 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. தூக்கம் கண்ணைக் கட்டும், காலையில் கடப்பதே நல்லது.

சாலையோர ஓய்விடங்களில் இலவசமாகத் தங்கலாம், ஆனால் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். செடூனாவிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.