பச்சப்புள்ளைக்கு ரத்தம் எடுக்குறப்ப அம்மா கூட இருக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு திருமங்கலம் பக்கம். மகன் பொறந்து அஞ்சு நாளாச்சு, மஞ்சக்காமாலைன்னு மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். ரெண்டு நாளா குதிகால்ல குத்திக் குத்தி ரத்தம் எடுக்குறாங்க, பாதியில நின்னு போயிருது, அப்புறம் காலப் பிசையிறாங்க. என்னைய வெளிய போகச் சொல்லிர்றாங்க, அவன் கதறுறது வராண்டா வரைக்கும் கேக்குது. வலி கொறச்சு எடுக்க வழி இல்லையா? மாமியார் சீனித்தண்ணி வைக்கச் சொல்றாங்க, வைக்கலாமா?

பதில்: தாயி, ரொம்ப வருஷம் பச்சப்புள்ள வார்டுல நர்ஸா இருந்தவ நான், அந்தக் கதறல் எனக்கு நல்லாத் தெரியும். நீ வெளிய நிக்காத, உள்ள போ. புள்ளைய நெஞ்சோட போட்டு பால் குடுக்க ஆரம்பி, நல்லா கவ்வி ரெண்டு நிமிஷம் இழுத்துக் குடிச்ச பிறகு குத்தச் சொல்லு, எடுத்து முடிச்சதும் சட்டுனு உருவிறாத, அவன் போக்குல குடிக்கட்டும். வெறுமன படுக்க வச்சுக் குத்துனா நெத்தி சுருங்கி கண்ணு இறுகி கால்விரல் அஞ்சும் விரிஞ்சுக்கும். பால் குடிக்கிற புள்ள ஒரு நொடி உறிஞ்சுறத நிறுத்தும், புருவம் லேசா நெளியும், மறுபடி குடிக்க ஆரம்பிச்சிரும், எத்தனையோ தடவ கண்ணால பாத்திருக்கேன்.

அடுத்தது, ரத்தம் கொஞ்சம் கூடுதலா வேணும்னா குதிகாலை விட புறங்கை நரம்புல எடுக்குறதுதான் வலி கம்மி, ஆராய்ச்சியிலயும் அப்படித்தான் வந்திருக்கு, ஆனா கை பழகுனவங்க எடுக்கணும். குதிகாலப் பிசைஞ்சு எடுத்தா ரத்த அணு ஒடைஞ்சு ரிசல்ட் தப்பா வரும், அப்புறம் திரும்பவும் குத்துவாங்க, அதான் எனக்கு ஆத்திரமே. குதிகால்தான்னா பட்டன அமுக்குனா தானா குத்திட்டு ஊசி திரும்ப கருவிக்குள்ளயே போயிர்ற லான்செட் நல்லது, குத்துறதும் குதிகாலோட பக்கவாட்டுல இருக்கணும், பின்பக்கம் நடுவுல எலும்பு கிட்டக்க இருக்கு. மரத்துப்போற கிரீம் குதிகாலுக்கு வேலை செய்யாது, அதுக்கு செலவழிக்காத.

சீனித்தண்ணி விஷயத்துல மாமியார் சொல்றதுல பாதி நெசம். ஆஸ்பத்திரியில 24 சதவீத சுக்ரோஸ் கரைசல அளந்து, குத்துறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னால நாக்கு நுனியில சொட்டு சொட்டா விடுவாங்க, அது வலியக் கொறைக்குது. ஆனா அத நர்ஸுதான் குடுக்கணும், நீங்க சேனை வைக்கிற மாதிரி வீட்டுல கரைச்சுக் கொண்டு வராதீங்க, தேன் ஒரு வயசு வரைக்கும் தொடவே கூடாது, அதுல இருக்குற கிருமி பச்சப்புள்ளய முடக்கிப் போட்ரும்.

பச்சப்புள்ளைக்கு வலி என்ன தெரியும்னு யாராச்சும் சொன்னா மனசுல போட்டுக்காத. 1980கள் வரைக்கும் டாக்டர்களே நெறைய பேரு அப்படி நெனச்சு, மயக்க மருந்து சரியாக் குடுக்காமலே ஆபரேசன் பண்ணிருக்காங்க. இந்தியாவுல பொறந்த டாக்டர் ஆனந்த், ஹிக்கிங்கற இன்னொரு டாக்டரோட சேந்து பச்சப்புள்ள வலியப் பத்தி 1987ல எழுதுன கட்டுரைக்கப்புறம்தான் அந்த நெனப்பு மாற ஆரம்பிச்சுச்சு.

நாளைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப, நெத்தியில வச்சு மஞ்சள் அளவு பாக்குற மீட்டர் இருக்கான்னு கேளு, ஆனா மஞ்சக்காமாலை கொறைய புள்ளைய லைட்டுக்கு அடியில வச்சிருந்தா அது சரியாக் காட்டாது, அப்ப ரத்தம்தான் எடுக்கணும். எல்லா டெஸ்ட்டுக்கும் சேத்து ஒரே தடவையா எடுங்கன்னு சொல்லு, எத்தனை மணிக்கு எடுப்பாங்கன்னும் கேட்டு வச்சுக்க, அதுக்கு முன்னால பால் குடுத்துத் தூங்க வச்சிராத.