ஆதிமனிதனையும் சிங்கத்தையும் படம் எடுத்தது யார்?

கேள்வி: பனி படர்ந்த குகை வாசலில் தோலாடை அணிந்த ஆதிமனிதர்கள் ஈட்டியோடு சிங்கத்தை எதிர்த்து நிற்கும் புகைப்படங்கள் கைப்பேசியில் வலம்வருகின்றன. இவை உண்மையானவையா?

பதில்: இவற்றுள் ஒன்றுகூட உண்மையாக இருக்க வழியில்லை. கேமராவால் எடுத்து இன்றுவரை எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய புகைப்படம், பிரான்ஸைச் சேர்ந்த நியெப்ஸ் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து 1826 அல்லது 1827-இல் எடுத்ததாகும். ஆகவே, நீங்கள் பார்த்தவை அருங்காட்சியக உருவங்களைப் படமெடுத்தவையாகவோ, திரைப்படக் காட்சிகளாகவோ, அண்மைக்காலமாகப் பெருகிவரும் செயற்கை நுண்ணறிவுப் படங்களாகவோதான் இருக்க வேண்டும். அருங்காட்சியக உருவங்களைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. புதைபடிவ மண்டையோட்டை அளந்து, அதன்மேல் தசையும் தோலும் எவ்வாறு அமைந்திருக்கும் என்று கணித்தே கலைஞர்கள் அவற்றை உருவாக்குகிறார்கள். ஆனால் அந்த முகத்தில் தெரியும் சினமும் அச்சமும் கலைஞரின் கற்பனையே.

படத்தில் உள்ள சிங்கத்தையும் சற்று உற்றுப் பாருங்கள். பனியுக ஐரோப்பாவைக் காட்டும் படத்தில் அடர்ந்த பிடரி மயிரோடு ஆண் சிங்கம் நின்றால், வரைந்தவர் இன்றைய ஆப்பிரிக்கச் சிங்கத்தை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

கேள்வி: அக்காலச் சிங்கத்துக்குப் பிடரி இல்லை என்பது எப்படித் தெரியும்?

பதில்: அதை நேரில் கண்டவர்களே வரைந்து வைத்திருக்கிறார்கள். தென்கிழக்குப் பிரான்ஸில் 1994 டிசம்பரில் கண்டறியப்பட்ட ஷோவே குகையின் சுவர்களில், 30,000 ஆண்டுகளுக்கும் முன் கரியால் தீட்டப்பட்ட சிங்கங்கள் கூட்டமாக இரையை நோக்கிப் பாய்கின்றன. ஆண் என்று உடலமைப்பாலேயே ஐயமின்றி அறியக்கூடிய சிங்கத்துக்கும் அங்கே பிடரி வரையப்படவில்லை. மற்ற நுட்பங்களில் அவ்வளவு கவனம் காட்டிய கைகள் பிடரியை மட்டும் மறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சைபீரியாவின் உறைநிலத்தில் 2018-இல் கிடைத்த, ஸ்பார்ட்டா என்று பெயரிடப்பட்ட, குகைச் சிங்கம் எனப்படும் அப்பனியுகச் சிங்கத்தின் பெண் குட்டியோ, ஏறத்தாழ 28,000 ஆண்டுகளுக்குப் பின்னும் தோலும் மயிரும் கெடாமல் இருந்தது. குகைச் சிங்கத்தின் உண்மையான புகைப்படம் வேண்டுமென்றால், அந்தக் குட்டியின் படத்தைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஆதிமனிதர்கள் உண்மையிலேயே சிங்கத்தைக் கொன்றார்களா?

பதில்: கொன்றதற்குச் சான்று உண்டு. ஜெர்மனியின் சீக்ஸ்டார்ஃப் என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமையான குகைச் சிங்கத்தின் விலா எலும்பில் உள்ள துளை, மர ஈட்டி பாய்ந்ததால் ஏற்பட்டது என்று 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஈட்டியைப் பாய்ச்சியவர்கள், நமக்கு நெருங்கிய உறவுடைய, அழிந்துபோன மனித இனத்தவரான நியாண்டர்தால் மனிதர்கள். இறைச்சியை அறுத்தெடுத்த வெட்டுத்தடங்களும் அவ்வெலும்புகளில் பதிந்துள்ளன.