மேல் குளியலறை ஒழுக்கு: டைல்ஸை உடைக்க முதல்

இப்போதைக்கு டைல்ஸை உடைக்க விடாதேங்கோ. ஒரு மேசன் முழுத் தளத்தையும் கிண்டச் சொல்றார், மற்றவர் டைல்ஸுக்கு மேலால ஒழுக்கடைக்கிற மருந்து பூசினால் போதும் எண்டுறார் எண்டு எழுதியிருக்கிறீங்கள். தண்ணி எங்கால வருது எண்டு தெரியாமல் ரெண்டும் வீண் காசு.

குளிச்ச பிறகுதான் கீழ்ச் சீலிங்கில ஈரம் கூடுது எண்டால், தண்ணி இறங்கிற ஓட்டையைச் சுற்றின மூட்டு அல்லது தேய்ஞ்ச கிரவுட்டில்தான் (டைல்ஸ் இடைவெளியில நிரப்பிற கலவை) எனக்குச் சந்தேகம்.

1. ரெண்டு நாள் அறையைப் பாவிக்காமல் விடுங்கோ. கீழ்ச் சீலிங்கில இருக்கிற ஈரக் கறையின்ர விளிம்பில பென்சிலால கோடு கீறுங்கோ. அப்பவும் கறை கோட்டைத் தாண்டினால், பெரும்பாலும் தண்ணி வாற பைப்பிலதான் பிழை. மாரி மழைக்குள்ள இதைச் செய்யாதேங்கோ, குழப்பும்.

2. தாண்டேல்லையெண்டால், பழந்துணியைப் பொலித்தீனில சுத்தி ஓட்டையை இறுக்கி அடைச்சு, ஓரங்குலத் தண்ணி 24 மணித்தியாலம் கட்டி வையுங்கோ. கறை பரவினால் தளத்தால தண்ணி இறங்குது. பரவாமல், அடைப்பை எடுத்த பிறகு நனைஞ்சால் வடிகுழாய் மூட்டு.

தளம் எண்டால் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்து எபொக்சி கிரவுட் (தண்ணி ஊறாத பிசின் கலவை) நிரப்பிப் பாருங்கோ. உடைக்கத் தேவையில்லாமல் போகலாம். பைப் எண்டால் அந்த இடத்தை மட்டும் திறந்தால் காணும். பளபளப்பான டைல்ஸுக்கு மேல பூசுற மருந்து உள்ளுக்கு இறங்காது, பைப் ஒழுக்கையும் நிப்பாட்டாது.

சீலிங் பூச்சு உப்பி விழுந்து, துருப்பிடிச்ச கம்பி தெரிஞ்சால் கதை வேற. அதைப் பூசி மறைக்க வேண்டாம், உடைச்சுத்தான் திருத்தவேணும். ஈரத்துக்குப் பக்கத்தில லைற் இருந்தால் அந்தக் கரண்ட் லைனை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.